பழைய கார் வாங்குமுன் அடியையும் பாருங்கள்!

திருச்சியிலிருந்து சென்னை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் பெரம்பலூரைக் கடந்து வடக்கே சென்றால், மங்களமேட்டை அடுத்து ரஞ்சன்குடிக் கோட்டை உங்கள் கண்ணில் படும். கர்நாடக நவாபுகளின் கீழிருந்த ஜாகீர்தார் ஒருவரால் 17ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது என்பர். அகழி சூழ்ந்த கோட்டை. சீராகச் செதுக்கிய கற்களால் ஆன மூன்று அரண்கள், ஒன்றைவிட ஒன்று உயரமாக எழுந்து நிற்கும். உள்ளே பள்ளிவாசலும் நிலவறைகளும் உண்டு. 1751ஆம் ஆண்டு சந்தா சாஹிபும் பிரெஞ்சுக்காரரும் ஒருபுறம், முஹம்மது அலியும் ஆங்கிலேயரும் மறுபுறமாக வாலிகண்டபுரத்தை ஒட்டிய இந்தப் பகுதியில்தான் மோதிக்கொண்டனர். அன்று திருச்சியை நோக்கிப் படைகள் நகர்ந்த வழியில் இன்று மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் கார்கள் பறக்கின்றன. அவற்றுள் பெரும் பகுதி நம்மைப் போன்ற நடுத்தரக் குடும்பங்களின் சிறிய கார்கள். அவற்றிலும் பல, வேறு யாரோ பயன்படுத்திவிட்டு விற்றவை.

லெப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் போன்ற நமது சுற்றுவட்டார ஊர்களில் இந்த வணிகம் எப்படி நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததன்று. சபரிலிருந்து இரண்டு மாத விடுப்பில் வருகிறீர்கள். தாயாரை மாதம் ஒருமுறை திருச்சி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்; தங்கையின் நிக்காஹ் நெருங்குகிறது; பிள்ளைகளுடன் பேருந்தில் ஏறி இறங்க மனைவியால் இயலவில்லை. புதிய கார் வாங்கக் கையில் பணமில்லை, வட்டிக்கடன் வாங்க மனமில்லை. ஆகவே பாலைவன வெயிலில் சேர்த்த இரண்டு அல்லது மூன்று இலட்சத்தை எடுத்துக்கொண்டு ஒரு புரோக்கரிடம் போகிறீர்கள். அவர் ஒரு சான்ட்ரோவையோ ஆல்ட்டோவையோ ஸ்விஃப்டையோ கழுவித் துடைத்துக் கொண்டுவந்து நிறுத்துகிறார். வண்ணம் பளபளக்கிறது, இருக்கை உறை புதிது, ஏ.சி. குளிர்கிறது, பாட்டுப் பெட்டி முழங்குகிறது. ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, பிஸ்மில்லாஹ் சொல்லி அட்வான்ஸைக் கொடுத்துவிடுகிறீர்கள். இவ்வளவு நேரத்திலும் அந்தக் காரின் அடிப்பாகத்தை நீங்களும் பார்க்கவில்லை, உடன் வந்த மைத்துனரும் பார்க்கவில்லை.

நமது நாட்டில் அதை வேறு எவரும் பார்ப்பதில்லை என்பதுதான் இங்கே கருத வேண்டிய செய்தி. லாரி, பேருந்து, வாடகைக் கார் ஆகியவற்றுக்குக் குறித்த காலங்களில் எஃப்.சி. என்னும் தகுதிச் சோதனை உண்டு. சொந்த உபயோகக் காருக்கோ, முதற்பதிவின் காலமான 15 ஆண்டுகள் முடிந்து பதிவைப் புதுப்பிக்கும்போதுதான் அந்தச் சோதனை வருகிறது. இடைப்பட்ட காலத்தில் புகைச் சான்றிதழ் உண்டு; ஆனால் அது சைலன்சரின் வாயோடு நின்றுவிடும். பிரிட்டனில் மூன்று வயது கடந்த ஒவ்வொரு காரும் ஆண்டுதோறும் எம்.ஓ.டி. என்னும் சோதனைக்குச் சென்றாக வேண்டும். அங்கே காரை உயர்த்தி அடியில் விளக்குப் பிடித்துப் பார்க்கிறார்கள். வளைகுடாவில் கார் வைத்திருக்கும் சகோதரர்களுக்கும் ஆண்டுச் சோதனை பழக்கமானதே. அங்கே அரசு செய்யும் வேலையை இங்கே நீங்களேதான் செய்துகொள்ள வேண்டும்.

ஈரம் அடியில்தான் இருந்தது

மதீனத்துக் கடைவீதியில் நடந்த அந்த நிகழ்ச்சியை நீங்கள் ஜும்ஆ பயான்களில் பலமுறை கேட்டிருப்பீர்கள். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலின் அருகே சென்று தம் திருக்கரத்தை அதனுள்ளே நுழைத்துப் பார்த்தார்கள். மேலே உலர்ந்திருந்த தானியம் உள்ளே ஈரமாக இருந்தது. இது என்னவென்று வினவியபோது, மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். அப்படியானால் மக்கள் காணும்படி அந்த ஈரத்தை மேலே வைத்திருக்கலாமே என்று கேட்ட பெருமானார் (ஸல்) அவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவித்து ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள ஹதீஸ் இது. விற்பவருக்கு இதில் உள்ள எச்சரிக்கையைப் பற்றி நாம் நிறையப் பேசிவிட்டோம். வாங்குபவருக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. குவியலைப் பார்த்தவர்கள் பார்த்ததோடு நிற்கவில்லை. கையை உள்ளே விட்டுத் துழாவினார்கள். ஆகவே காரின் அடியில் குனிந்து பார்ப்பது விற்பவரை அவமதிப்பதாகும் என்று தயங்க வேண்டியதில்லை.

அடிப்பாகம் ஏன் இவ்வளவு முக்கியம்? ஜீப்புக்கும் லாரிக்கும் கீழே தனியாக ஓர் இரும்புச் சட்டம் உண்டு. மேற்கூண்டு அதன்மேல் உட்கார்ந்திருக்கும். 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 தொடங்கி இன்றைய சிறு கார்கள் வரை அந்தச் சட்டம் கிடையாது. மெல்லிய எஃகுத் தகடுகளை மடித்து, ஆயிரக்கணக்கான புள்ளிகளில் பற்றவைத்துச் செய்த கூடே சட்டமாகவும் உடலாகவும் இருக்கிறது. தரைத்தகடும், இருபக்கக் கதவுகளின் கீழே ஓடும் பெட்டி போன்ற விளிம்பும், எஞ்சினின் இருபுறமும் முன்னோக்கி நீளும் இரண்டு கால்களும் சேர்ந்தே காரைத் தாங்குகின்றன. மெக்கானிக்குகள் பழைய வழக்கப்படி இவற்றையும் சேஸிஸ் என்றே அழைப்பார்கள். கதவு நசுங்கினால் கதவை மாற்றிக்கொள்ளலாம். இவை கெட்டால் காரே கெட்டதாகும்.

மோதலின்போது எஞ்சினுக்கு இருபுறமும் உள்ள அந்தக் கால்கள் குறித்த இடத்தில் குறித்த விதமாக மடிந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும்படி வடிவமைக்கப்பட்டவை. ஒருமுறை மடிந்ததைச் சூடாக்கிச் சம்மட்டியால் நிமிர்த்தி வண்ணம் பூசிவிட்டால், பார்வைக்கு அது நேராகிவிடும். ஆனால் மறுமுறை அது எங்கே மடியும், எவ்வளவு மடியும் என்று எவராலும் கூற முடியாது. முன் இருக்கையில் உட்காரப் போவது உங்கள் தாயார்.

நமது மாவட்டங்களின் சாலைகள் இதற்கு மேலும் துணைசெய்கின்றன. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிகளும் சிமென்ட் ஆலைகளும். பெரம்பலூர்ப் பக்கம் கல்குவாரிகள், கரும்பு ஏற்றிச் செல்லும் டிராக்டர்கள். சக்கரம் எறியும் ஜல்லி அடித்தகட்டின் பூச்சைக் கொத்திப் பெயர்க்கிறது. பெயர்ந்த இடத்தில் மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் நம் கரிசல்மண் ஒட்டிக்கொண்டால், மழை விட்டு நாட்கள் ஆனாலும் ஈரத்தை விடாது. வெள்ளைக் கோடு போடாத வேகத்தடைகளோ ஊருக்கு ஊர். தரையிலிருந்து ஏறத்தாழ 160 அல்லது 170 மில்லிமீட்டர் உயரமே உள்ள சிறு கார், ஐந்து பேரும் டிக்கி நிறையப் பெட்டிகளுமாகச் செல்லும்போது அவற்றின்மேல் வயிற்றை உரசாமல் போவது அரிது.

பார்க்கச் செல்லுமுன்

காரைக் கழுவாமல் வைத்திருக்கும்படி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மேற்பாகம் அழுக்காக இருக்கும் காரால் உங்களுக்கு நட்டமில்லை. அடிப்பாகமும் எஞ்சினும் அன்று காலையில்தான் நீர் பீய்ச்சிக் கழுவப்பட்ட காரில் எண்ணெய்க் கசிவின் தடமே இராது. பகல் வெளிச்சத்தில் செல்லுங்கள். நல்ல டார்ச் விளக்கு, பழைய துணி, அளவு நாடா, மெல்லிய துணியில் பொதிந்த சிறிய காந்தம், மரப்பிடியோ பிளாஸ்டிக் பிடியோ உள்ள திருப்புளி ஆகியவை போதும்.

ஜாக்கியின்மேல் மட்டும் நிற்கும் காரின் அடியில் ஒருபோதும் தலையை நுழைக்காதீர்கள். ஜாக்கி சக்கரம் மாற்றுவதற்காக உள்ளது. அது சரிந்தால் நொடிப்பொழுதில் உயிர் போய்விடும். நெடுஞ்சாலையோரத்தில் வாட்டர் சர்வீஸ் நிலையங்களுக்கோ மெக்கானிக் பட்டறைகளுக்கோ பஞ்சமில்லை. குழியோ, காரை உயர்த்தும் லிஃப்ட்டோ உள்ள இடமாகப் பார்த்து, விற்பவரின் சம்மதத்துடன் கொண்டு செல்லுங்கள். பட்டறை விற்பவருடையதாகவோ புரோக்கருடையதாகவோ இருக்கக் கூடாது. அரைமணி நேரத்துக்கு உரிய கூலியைக் கொடுத்துவிடுங்கள். இரண்டு இலட்ச ரூபாய்ப் பொருளுக்கு அது செலவே அன்று. எஞ்சினை நிறுத்தி, சைலன்சர் ஆறிய பிறகு கீழே இறங்குங்கள். தீக்குச்சி வெளிச்சமோ பீடி சிகரெட்டோ அருகில் வேண்டாம். பெட்ரோல் குழாய் உங்கள் தலைக்கு மேலேதான் ஓடுகிறது.

குழிக்குள் செல்ல விற்பவர் அனுமதி மறுத்தால் அங்கேயே பேச்சை முடித்துக்கொண்டு ஸலாம் சொல்லிப் புறப்படலாம்.

முன்பக்கம்

முதலில் எஞ்சினின் அடியில் உள்ள எண்ணெய்த் தட்டைப் பாருங்கள். வேகத்தடை இடித்த நசுங்கல் சிறிதளவு இருக்கலாம். அந்த நசுங்கலின்மேல் எம்-சீல் போன்ற பசை அப்பியிருந்தால் தட்டு ஒருமுறை ஓட்டையாகியிருக்கிறது. எண்ணெய் இல்லாமல் எஞ்சின் எவ்வளவு தூரம் ஓடியது என்பதை விற்பவரே அறிவார். எண்ணெய் இறக்கும் திருகின் தலை தேய்ந்து உருண்டையாகிவிட்டதென்றால் கண்ட கண்ட ஸ்பேனர் போட்டுத் திருகியிருக்கிறார்கள். மற்ற வேலைகளும் அதே கைகளில்தான் நடந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளுங்கள்.

கசிவைத் துணியால் தொட்டுப் பாருங்கள். கருமையாக இருந்தால் எஞ்சின் எண்ணெய். கனத்து, கந்தக வாடை அடித்தால் கியர் பெட்டி எண்ணெய். பச்சையோ சிவப்போ கலந்து வழுவழுப்பாக இருந்தால் ரேடியேட்டர் நீர். சக்கரத்தின் உட்புறத்தில் நிறமற்றோ இளமஞ்சளாகவோ வழிந்தால் அது பிரேக் எண்ணெய். அந்தக் காரைச் சோதனை ஓட்டமும் செய்ய வேண்டாம். ஏ.சி. ஓடிய பின் சொட்டும் தெளிந்த நீரால் கேடில்லை. தூசு படிந்து காய்ந்துபோன எண்ணெய்க் கறைக்கும் அஞ்ச வேண்டியதில்லை; பத்தாண்டு ஓடிய எஞ்சின் எங்காவது சற்று வியர்த்திருக்கும். சொட்டாகத் திரண்டு நிற்பதே கவலைக்குரியது.

முன்சக்கரங்களைச் சுழற்றும் தண்டின் இருமுனைகளிலும் துருத்தி போன்ற ரப்பர் உறைகள் இருக்கும். பூட் என்பார்கள். அது கிழிந்தால் உள்ளிருக்கும் கிரீஸ் சுற்றி வீசப்பட்டுச் சக்கரத்தின் உட்புறத்திலும் அருகிலுள்ள பாகங்களிலும் வளையமாக அப்பியிருக்கும். கிழிசல் வழியே நம்மூர் மண் உள்ளே புகுந்தால் அந்த மூட்டு சில ஆயிரம் கிலோமீட்டரில் தேய்ந்துவிடும். ஸ்டியரிங்கை முழுவதும் ஒருபக்கம் ஒடித்து மெதுவாக ஓட்டும்போது டக்டக் என்று ஒலித்தால் தேய்மானம் முற்றிவிட்டது என்று பொருள். ரப்பரை மட்டும் மாற்றினால் போதுமா, தண்டையே மாற்ற வேண்டுமா என்பதை அந்த ஓசை கூறிவிடும். செலவில் இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு.

பிறகு சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்ம், அதன் முனையிலுள்ள பந்து மூட்டு, ரப்பர் புஷ்கள், ஷாக் அப்சர்பர். புஷ் வெடித்திருந்தாலோ ஷாக் அப்சர்பரில் எண்ணெய் வழிந்திருந்தாலோ அவை மாற்றத்தக்க பொருள்கள், விலையில் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் லோயர் ஆர்ம் வளைந்திருந்தாலும், அதன்மேல் பற்றவைத்த தழும்பு இருந்தாலும் நின்று யோசியுங்கள். இடது கையை வலது கையோடு ஒப்பிடுவதுபோல் இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்ப்பதே இதற்கு எளிய வழி. இரண்டும் ஒரே வார்ப்பாக இருக்க வேண்டும். ஒன்று பழையதும் மற்றொன்று புத்தம்புதியதுமாக இருந்தால், ஏன் ஒன்று மட்டும் மாற்றப்பட்டது என்று கேளுங்கள். டயரின் உள்விளிம்பு மட்டும் மொட்டையாகத் தேய்ந்திருப்பதும் அதே கேள்வியைத்தான் எழுப்பும்.

இனி அந்த இரண்டு கால்கள். இங்கேதான் நீங்கள் நிதானமாக நேரம் செலவிட வேண்டும். தொழிற்சாலையில் தகடுகளை இணைக்கும்போது இயந்திரக் கைகள் சீரான இடைவெளியில் பொட்டு வைத்ததுபோல் வட்ட வட்டமாகப் பற்றவைக்கும். அந்தப் பொட்டுகள் வரிசையாக இருந்தால் நல்லது. அவை மறைந்து, புழு ஊர்ந்ததுபோல் நீண்ட வெல்டிங் கோடு ஓடினாலோ, அரம் தேய்த்த கீறல்கள் தெரிந்தாலோ அங்கே டிங்கர் வேலை நடந்திருக்கிறது. மூட்டுகளில் பூசிய பசையும் அப்படித்தான்; தொழிற்சாலைப் பூச்சு ஒரே அகலத்தில் ஓடும், பட்டறைப் பூச்சில் விரல் இழுத்த தடம் இருக்கும். தகட்டின் பக்கவாட்டில் விரலை ஓட்டிப் பாருங்கள். சலவை கலைந்த வேட்டிபோல் அலை அலையாகத் தட்டுப்பட்டால், அது மடிந்து நிமிர்த்தப்பட்ட கால். எஞ்சினைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தின் நட்டுகளில் வண்ணம் உரிந்து ஸ்பேனர் தடம் இருந்தால் அது கழற்றப்பட்டிருக்கிறது. கிளட்ச் வேலைக்காகவும் கழற்றியிருக்கலாம். ஆகவே உடனே பழி சுமத்தாமல் பில்லைக் கேளுங்கள்.

புதுக் கறுப்புப் பூச்சு

நடுப்பகுதியில் தரைத்தகடும் பக்க விளிம்புகளும் உள்ளன. துரு இங்கேதான் குடியிருக்கும். கதவின் கீழுள்ள பெட்டி விளிம்பில் நீர் வடிவதற்கென்று சிறுசிறு துளைகள் இருக்கும். சேறு அவற்றை அடைத்துவிட்டால் நீர் உள்ளேயே தங்கி, தகடு உள்ளிருந்து வெளியே அரிக்கிறது. வெளியே கொப்புளம் தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும். எஃகு துருவாகும்போது பருமனில் பெருகுவதால்தான் பூச்சு அப்படி உப்பி எழுகிறது.

ஜாக்கி வைக்கும் விளிம்பு நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். திருப்புளியின் பிடியால் தரைத்தகட்டை மெதுவாகத் தட்டிக்கொண்டே செல்லுங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். உளுத்த தகடும் பட்டி அப்பிய தகடும் பரங்கிக்காயைத் தட்டியதுபோல் மந்தமாக ஒலிக்கும். ஐயமான இடத்தில் காந்தத்தை வையுங்கள். எஃகைப் பற்றும் காந்தம் பட்டியையும் ஃபைபரையும் பற்றாது. கூர்முனையால் குத்திப் பார்ப்பதாயின் உரிமையாளரின் அனுமதி பெற்றே செய்யுங்கள். இன்னும் அது அவருடைய பொருள்.

அடிப்பாகம் முழுவதும் புதிதாகக் கறுப்புப் பூச்சு மினுங்கினால் அதைத் தகுதியாக எண்ணிவிடாதீர்கள். பத்தாண்டு ஓடிய காருக்கு, விற்கும் வாரத்தில் எதற்குக் கறுப்பு? நல்ல தகட்டின்மேல் பூசினால் அது காப்பு. துருவின்மேல் பூசினால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டிய மூடி. எப்போது, எங்கே பூசப்பட்டது, முன்பும் பின்பும் எடுத்த படங்கள் உண்டா என்று கேளுங்கள்.

இவ்வளவும் படித்துவிட்டுத் துருவைக் கண்ட இடமெல்லாம் அலற வேண்டாம். சைலன்சரிலும், லோயர் ஆர்மின் தடித்த இரும்பிலும், நட்டுகளிலும் செம்மண் தூவியதுபோல் தெரியும் மேல்துரு எல்லாக் கார்களிலும் உள்ளதே. துணியால் துடைத்து நகத்தால் சுரண்டினால் கீழே உறுதியான உலோகம் தெரியும். ஏடு ஏடாகப் பெயர்வதும், அழுத்தினால் உள்வாங்குவதும்தான் நோய். எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். பிரிட்டிஷ் சோதனையில் ஒரு நல்ல அளவுகோல் வைத்திருக்கிறார்கள். சஸ்பென்ஷன், ஸ்டியரிங், பிரேக், இருக்கைப் பட்டை ஆகியவை உடலோடு பொருந்தும் இடத்திலிருந்து 30 சென்டிமீட்டர் தொலைவுக்குள் தகடு வலுவிழந்திருந்தால் அந்தக் கார் தேறாது. இந்த அளவுகோலை நீங்களும் மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

தரையை ஒட்டி முன்னிருந்து பின்னோக்கி ஓடும் மெல்லிய இரும்புக் குழாய்களை மறந்துவிடாதீர்கள். ஒன்று பெட்ரோலைக் கொண்டுவருகிறது; மற்றவை பிரேக் எண்ணெயைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுசெல்கின்றன. சாதாரணமாக மிதிக்கும்போது தாங்கும் அரித்த குழாய், எதிரே மாடு குறுக்கிடும்போது முழுப் பலத்துடன் மிதித்தால் வெடிக்கக்கூடும். நாகூர், நாகப்பட்டினம், சென்னைக் கடலோரம் ஆகிய இடங்களில் ஓடிய கார்களில் இந்தக் குழாய்களை இருமுறை பாருங்கள்; உப்புக்காற்று மெல்லிய இரும்பைத்தான் முதலில் தின்னும்.

பின்பக்கத்தில் பார்க்க வேண்டியவை குறைவு. டிக்கியின் விரிப்பைத் தூக்கி ஸ்டெப்னியை வெளியே எடுங்கள். அந்தக் குழியின் தகடு சுருங்கியோ அலையலையாகவோ இருந்தால் பின்னாலிருந்து ஏதோ ஒரு வாகனம் மோதியிருக்கிறது. பின் அச்சு வளைவில்லாமல் இருக்கிறதா, பெட்ரோல் தொட்டியைத் தாங்கும் பட்டைகள் உறுதியாக உள்ளனவா என்று பார்த்துவிட்டு, சைலன்சரைத் தாங்கும் ரப்பர்களையும் ஒரு பார்வை பாருங்கள். சைலன்சருக்கு முன்னுள்ள புகை வடிப்பானைக் கழற்றி விற்றுவிட்டு வெறும் குழாயைப் பற்றவைத்து ஓட்டுபவர்களும் உண்டு.

வெள்ளம் கண்ட கார்கள்

2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் மறுபடியும் பல பகுதிகள் மூழ்கின. நீரில் கிடந்த கார்கள் எல்லாம் உடைப்பதற்குப் போய்விடவில்லை. உலர்த்தப்பட்டு, வாசனை தெளிக்கப்பட்டு, தொலைவில் உள்ள மாவட்டங்களுக்கு விற்பனைக்கு வந்தவையும் உண்டு. டி.என். 46, டி.என். 61 வண்டிகளுக்கு நடுவே சென்னைப் பதிவெண்ணுடன் மிக மலிவாக ஒரு கார் வந்து நின்றால், மலிவுக்குக் காரணம் கேளுங்கள்.

தரைவிரிப்பைத் தூக்கி மோந்து பாருங்கள். இருக்கை நகரும் தண்டவாளத்தின் திருகுகள் துருப்பிடித்துள்ளனவா? இருக்கைப் பட்டையை முழுவதும் வெளியே இழுத்தால் கடைசி முழத்தில் சேற்றுக் கோடு தெரிகிறதா? அடியில் குறுக்குச் சட்டங்களின் துளைகளுக்குள் விரலை விட்டால் வண்டல் வருகிறதா? சாலைச் சேறு இப்படி உட்பொந்துகளில் பொடியாகப் படிவதில்லை. வெள்ளத்தின் கேடு மின்கம்பிகளில் மெதுவாக வெளிப்படும். ஆறு மாதம் கழித்து உங்கள் விடுப்பு முடிந்து நீங்கள் மீண்டும் சபரில் இருக்கும்போது, நள்ளிரவில் வழியில் நிற்கும் காரில் குடும்பம் தனியே தவிக்க நேரும்.

மேலே ஏறி வந்தபின் இரண்டு சிறு சோதனைகள் செய்யுங்கள். சக்கரங்களை நேராக வைத்து, முன்சக்கர நடுவிலிருந்து பின்சக்கர நடுவரை இருபுறமும் அளவு நாடாவால் அளந்து பாருங்கள். சில மில்லிமீட்டர் வேறுபாடு இயல்பு. ஒரு சென்டிமீட்டரைத் தாண்டினால் ஒருபுறம் பின்னுக்குத் தள்ளப்பட்டிருக்கிறது. அடுத்து, நான்கு டயர்களையும் நனைத்து உலர்ந்த சிமென்ட் தரையில் நேராக ஓட்டச் சொல்லித் தடத்தைப் பாருங்கள். பின்சக்கரத் தடம் முன்சக்கரத் தடத்தின்மேல் இருபுறமும் ஒரே மாதிரியாக விழ வேண்டும். ஒருபுறம் ஒதுங்கி விழுந்தால் அந்தக் கார் நண்டு நடை நடக்கிறது.

காரில் அடித்துள்ள சேஸிஸ் எண்ணையும் குறித்துக்கொண்டு ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். எண்கள் ஏறுமாறாக இருந்தாலோ, சுற்றிலும் தகடு தேய்க்கப்பட்டிருந்தாலோ அது மெக்கானிக்கின் விஷயம் அன்று, காவல்துறையின் விஷயம். அப்படிப்பட்ட வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

விலை பேசும்போது

கண்டவற்றை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். புஷ், பூட், ஷாக் அப்சர்பர், சைலன்சர், டயர் போன்றவை தேயவே பிறந்தவை. மெக்கானிக்கிடம் செலவைக் கேட்டு அந்தத் தொகையை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். எண்ணெய்க் கசிவும் துருப்பிடித்த குழாய்களும் சரிசெய்தபின் வாங்க வேண்டியவை. சரிசெய்து தருவதாக வாய்ச்சொல் போதாது. மடிந்த கால்கள், உளுத்த தரை, சஸ்பென்ஷன் பொருந்தும் இடத்தில் ஒட்டுவேலை, வெள்ளம் ஆகியவற்றுக்கு விலையே கிடையாது. பாதி விலைக்குத் தருகிறேன் என்றாலும் எழுந்து வந்துவிடுங்கள். பார்த்துச் சலித்துப் போய், விடுப்பு முடிகிறதே என்ற அவசரத்தில் நான்காவது காரில் கண்ணை மூடிக்கொள்வதுதான் நம்மவர்களில் பலருக்கும் நேர்வது. கார் கிடைக்காவிட்டால் இந்த முறை வாடகைக் காரில் தாயாரை அழைத்துச் செல்லுங்கள். அடுத்த விடுப்பில் இன்ஷா அல்லாஹ் பார்த்துக்கொள்ளலாம்.

நீங்களே விற்பவராக இருந்தால்? பொருளில் உள்ள குறையை வாங்குபவருக்குத் தெரிவிக்காமல் விற்பது ஆகுமானதன்று என்பது தெளிவான மார்க்கச் சட்டம். விற்பனைக்கு முன்பே இருந்து மறைக்கப்பட்ட குறை பின்னர் வெளிப்பட்டால், பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெறும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. ஃபிக்ஹு நூல்கள் இதைக் கியாருல் ஐப் என்று அழைக்கின்றன. விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறைகளைத் தெளிவுபடுத்தினால் அந்த வணிகத்தில் பரக்கத் அருளப்படும், மறைத்துப் பொய்யுரைத்தால் பரக்கத் துடைக்கப்படும் என்னும் கருத்துப்பட ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் துணி வணிகர். குறையுள்ள ஒரு துணியை, அந்தக் குறையைச் சொல்லியே விற்குமாறு தம் கூட்டாளியிடம் கூறியிருந்தார்கள். அவர் மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. அறிந்ததும் இமாமவர்கள் அந்தச் சரக்கின் தொகை முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. வேகத்தடையில் இடித்து எண்ணெய்த் தட்டில் பசை அப்பியது உங்களுக்குத் தெரியுமானால், வாங்க வருபவர் குனிவதற்கு முன் நீங்களே விளக்கைப் பிடித்துக் காட்டிவிடுங்கள்.

பேச்சு முடிந்ததும், கண்ட குறைகளையும் ஒப்புக்கொண்ட விலையையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு, ஜமாஅத்தைச் சேர்ந்த இருவரைச் சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு திருமறையே கட்டளையிட்டுள்ள சமுதாயம் நாம். இதை எழுதக் கூச்சப்பட வேண்டியதில்லை. கார் கடனில் வாங்கியதாயின் நிதி நிறுவனத்தின் தடையில்லாச் சான்றையும், பெயர் மாற்றத்துக்குரிய 29, 30ஆம் எண் படிவங்களில் கையெழுத்தையும் பெற்றபின் முழுத்தொகையைக் கொடுங்கள். வாங்கிய முதல் வாரத்திலேயே அதே பட்டறைக்குச் சென்று, கதவுகளின் கீழுள்ள நீர்வடி துளைகளைக் கம்பியால் குத்திச் சேற்றை எடுக்கச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி மழைக்கு முன்பும், மழை ஓய்ந்து தை பிறந்தபின்பும் ஒருமுறை அதைச் செய்தால் போதும். பத்து நிமிட வேலை.